காலி லைன்

அன்றைக்குப் பவர் ஹவுஸ் வாசலில் நின்றவர்கள்: எஞ்சின் துரை லெஸ்லி, டிஸ்பென்சரி கம்பவுண்டர் நூருல்லா, வாட்ச்மேன் சுடலை, டைனமோ பார்க்கும் லிங்கசாமி. எதிர்ச்சரிவில் கூலிகள் குடியிருந்த கீழ் லைனில் செத்தவர்களை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு நீளும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூடுபனி பள்ளத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. லெஸ்லி தலையை ஆட்டினார். லிங்கசாமி உள்ளே போய்ச் சுவிட்சைத் தள்ளினான். எதிர்ச்சரிவில் பன்னிரண்டு ரூம்களிலும் ஒரே நொடியில் விளக்கு எரிந்தது. கதவு இடுக்கிலும் கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்திலும் வெளிச்சம் பீறிட்டது. பனிக்குள் அந்த வரிசை மட்டும் மிதந்துகொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. மீட்டரில் துடித்துக்கொண்டிருந்த முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கி அடங்கியது.

"என்ன பாய், இனி உங்க பல்பு வெடிக்காது," என்றார் லெஸ்லி.

"சந்தோசமுங்க துரை," என்றார் நூருல்லா. "உசுரோட இருந்தப்ப இவங்களுக்குச் சிம்னி வெளக்குத்தான் குடுத்தோம்."

"அவங்க கரண்டு கேக்கலையே."

"இப்பவும் கேக்கலய்யா," என்று சுடலை தன் கம்பளிக்குள் முணுமுணுத்தான்.

கரண்டைப் பற்றி ஊருக்குள் ஒரு தப்பான நினைப்பு உண்டு. ஆள் குறைந்தால் செலவு குறையும், மிச்சம் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று. அப்படி எதுவும் இல்லை. நீரடிமட்டம் எஸ்டேட்டின் டைனமோவை ஓட்டியது மலைத் தண்ணீர். மேலே அணையிலிருந்து இரும்புக் குழாயில் இறங்கிச் சக்கரத்தில் அடிக்கும். கீழ் கோத்தகிரிப் பக்கத்து மழைக்கு அது ஓய்ந்ததே இல்லை. ஃபேக்டரி ஓடும்போது இலை உருட்டும் மிஷின்களும் டிரையர் விசிறியும் அந்தப் பலத்தைத் தின்றுவிடும். ஃபேக்டரி நின்றால் தின்ன ஆள் இல்லை. சக்கரம் வேகம் பிடிக்கும். முள் ஏறும். பங்களாவிலும் டிஸ்பென்சரியிலும் பல்புகள் முதலில் பால் வெள்ளையாக ஜொலிக்கும், பிறகு வெடிக்கும்.

தண்ணீரைக் குறைக்கலாமே என்றால், குறைக்கிற வால்வு தேய்ந்துபோயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருக முடியும். அவசரப்பட்டால் குழாய்க்குள் தண்ணீர் திரும்பி முட்டும், குழாய் பிளக்கும். புது வால்வு சீமையிலிருந்து வரவேண்டும். அது முப்பத்துமூன்றாம் வருஷம். தேயிலையைக் கேட்பாரில்லை. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. வால்வு வேண்டும் என்று லெஸ்லி போய் நின்றபோது பெரிய துரை சிரித்து அனுப்பிவிட்டார்.

முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமாளித்தால் போதும். அதற்குப் பவர் ஹவுஸ் பின்னால் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரும்புத் தகடுகளை இறக்கினால் மிச்சக் கரண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தீர்ந்துபோகும். ஆட்களைப் பாதிக்கு மேல் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிய பிறகு, குவார்ட்டர்ஸெல்லாம் இருட்டான பிறகு, தொட்டி போதவில்லை. மத்தியானத்துக்குள் வற்றி, தகடுகள் உப்புப் பூத்து நின்றன. அப்போதுதான் லெஸ்லிக்கு அந்த யோசனை வந்தது. மூடிக் கிடந்த இலை வாட்டும் மாடியிலிருந்து பெரிய பல்புகளைக் கழற்றிக் காலி லைனில் ரூமுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டார். ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருக்கிற மாதிரி எரிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது.

லெஸ்லி கெட்ட மனிதர் இல்லை. போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். வெள்ளைக்காரத் துரைகள் கிளப்பில் சேர்த்துக்கொள்ளாததால் மிஷின்களோடு பேசிக்கொண்டிருந்தார். மிஷினுக்கு எது நல்லதோ அதுதான் அவருக்கு நல்லது.

லிங்கசாமியின் பெண்டாட்டி பாலாமணி ஏழாம் நம்பர் ரூமில் செத்தாள். போன மழைக்காலத்துக் காய்ச்சல். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா தீர்ந்துபோய் நூருல்லா வெறும் கையோடு லைனைச் சுற்றி வந்த நாட்கள் அவை. செய்தி வந்தபோது லிங்கசாமி டைனமோ முன்னால் இருந்தான். மாற்று ஆள் இல்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகு போனான். அழுகை வரவில்லை, பசித்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ, முள் நிலையாக நின்றுகொண்டிருந்தபோது லேசாக எகிறியது. ஒரு எட்டு, பிறகு இன்னொரு எட்டு. எங்கேயோ பாரம் குறைந்திருக்கிறது. லிங்கசாமி வெளியே வந்து எதிர்ச்சரிவைப் பார்த்தான். அங்கிருந்து லைனின் பிற்பாதிதான் தெரியும். முற்பாதியைச் சவுக்கு மரங்கள் மறைத்திருந்தன. தெரிந்த வரைக்கும் எல்லாம் எரிந்தது. ஏழு மட்டும் இருட்டு.

பல்பு போயிருக்கும் என்று வேறொன்றை எடுத்துக்கொண்டு ஏறினான். ஏழாம் நம்பர் கதவைத் தள்ளினான். பல்பு போயிருக்கவில்லை. கழற்றி, சுவர் மாடத்தில் படுக்க வைத்திருந்தது. தொட்டான். சூடு. எரிந்த பல்பை வெறுங்கையால் பிடித்தால் தோல் வழன்று வந்துவிடும். துணியைச் சுற்றித்தான் கழற்றியிருக்க வேண்டும். அதில் ஒரு தூசு இல்லை. துடைத்திருந்தது.

பாலாமணிக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது. "அமத்துங்க மாமா, கண்ணு கூசுது," என்பாள். அவன் பீடியை முடிக்கிற வரைக்கும் பொறுக்கமாட்டாள். எழுந்து வந்து சிம்னியைக் கழற்றி, ஊதி அணைத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டுப் படுப்பாள்.

லிங்கசாமி பல்பைத் திரும்ப மாட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்து, ஒரு தகட்டைக் கூடுதலாக உப்புத் தொட்டிக்குள் இறக்கினான். முள் சரியான இடத்துக்கு வந்தது. இனி யார் பார்த்தாலும் தெரியாது.

அதற்குப் பிறகு ஃபேக்டரி நின்ற நாளெல்லாம் இதே கதைதான். காலையில் அவன் போய்ப் பல்பை மாட்டுவான். சுவிட்சைத் தள்ளுவான். கொஞ்ச நேரத்தில் முள் எகிறும். தகட்டை இறக்குவான். பல்பை மாட்டாமலே விட்டிருக்கலாம். அதை மட்டும் அவன் செய்யவில்லை. மாட்டினால்தானே அவள் கழற்ற முடியும்.

சுடலை ஒருநாள் தொட்டிக்கரையில் குளிர் காய வந்தவன் கேட்டான். "ஏ லிங்கசாமி, ஏழாம் நம்பர்ல வெளக்கு நிக்க மாட்டேங்குதாமே. பொம்பளையளு பேசிக்கிடுதாளுவ."

"ஹோல்டர் லூசு."

"ஹோல்டர் லூசா, வேற எதும் லூசா? ஒன் மூஞ்சியப் பாத்தா புது மாப்ள கணக்கா இருக்கு. வாரம் ரெண்டு தடவ முகச்சவரம் பண்ணுதே."

"உன்ற வேலையப் பாரு சுடலை."

"என் வேலை லைனைச் சுத்தி வாறது. நான் தூர நின்னுதான் சுத்துதேன், தெரிஞ்சுக்கோ. எங்க ஊர்ல காவலுக்கு நிக்கற சாமி பேர எனக்கு வச்சிருக்கு. அதுக்காவ நானே போயி நிக்கணும்னு இல்ல."

நடுவில் ஒருநாள் லிங்கசாமி பல்பை மாட்டிவிட்டு இறங்காமல் லைன் ஓரத்திலேயே நின்றான். கழற்றும்போது பார்த்துவிட வேண்டும். சுவிட்சைத் தள்ளச் சுடலைக்குக் கால் பொட்டலம் புகையிலை. விளக்குகள் எரிந்தன. காத்திருந்தான். அப்போது முற்பாதிப் பக்கமிருந்து உருளைக்கிழங்கு சுடுகிற வாசனை வந்தது.

செத்தவர்கள் கிழங்கு சுடுவதில்லை. அவன் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனான். மூன்றாம் நம்பர் இருட்டாக இருந்தது. கதவைத் தள்ளினான். மூலையில் சாம்பல் மூடிய நெருப்பு. பக்கத்தில் ஒரு பெண் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, நானுங்க. ரெங்கனூட்டு மருதாம்பா."

ரெங்கன் அதே காய்ச்சலில் போனவன். மருதாம்பாளைக் கணக்குத் தீர்த்துச் சித்திரையிலேயே கீழே அனுப்பியாயிற்று. "நீ எப்படி இங்க?"

"கீழ போயி என்னங்கண்ணா பண்றது? மழையில்ல, வேலையில்ல. கொழுந்தன் ஊட்டுல சோத்துக்கு முந்தி வசவு போடறாங்க. நடந்தே வந்துபோட்டேன். வேலை இருந்தா பகல்ல படகர் தோட்டத்துல கெழங்கு தோண்டறேன். படுக்கறதுக்குத்தான் இங்க. பல்பு எரிஞ்சா வெளிய நெழல் தெரியும்னு கழட்டி வச்சர்றனுங்க."

லிங்கசாமிக்கு வந்தது கோபம். ஒரு மாதமாக அவன் சவரம் பண்ணிக்கொண்டு ஏறி வந்தது கிழங்கு தோண்டுகிற ஒருத்திக்காகவா? அவளைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம் போலிருந்தது. "ஏழாம் நம்பர்லயும் நீதான் கழட்டறயா?"

"ஏழுலயா? அங்க நான் எதுக்குங்கண்ணா போறேன்? அங்கதான் ஆளு இருக்குதே."

"ஆரு?"

"ஆருன்னு தெரியிலீங்க. நான் வர்றதுக்கு முன்னாலிருந்தே இருக்குது. இருமறது கேக்கும். ஆரோ என்னையாட்ட ஒளிஞ்சிருக்கறாங்க, நாம எதுக்கு வம்புன்னு அந்தப் பக்கமே போறதில்லைங்க."

அவன் ஏழாம் நம்பருக்கு ஓடினான். இருட்டு. பல்பு மாடத்தில் படுத்திருந்தது. சூடு ஆறவில்லை. ரூமில் வேறு வாசல் கிடையாது.

ஆனி மாதத்தில் மருதாம்பாளுக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் தூக்கிப் போட்டது. லிங்கசாமி கஞ்சி கொண்டுபோனான். கொய்னா கேட்டு டிஸ்பென்சரியில் நின்றான்.

"உனக்கா காய்ச்சல்? நாக்கைக் காட்டு," என்றார் நூருல்லா. பார்த்தார். "உன் நாக்கு எருமை நாக்காட்ட நல்லா இருக்குது. யாருக்குன்னு நான் கேக்கலை. நீயும் சொல்லிராதே." மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணக்குத் தீர்த்தவர்கள் எஸ்டேட்டுக்குள் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வைகாசியில் பொன்ராஜ் என்பவன் அப்படித் திரும்பி வந்து, காய்ச்சலோடு அகப்பட்டான். கேட்டுக்கு வெளியே விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் போகிற வழியில் குஞ்சப்பனை வளைவில் பாறைக்குச் சாய்ந்து உட்கார்ந்தபடி செத்திருந்தான். மருதாம்பாள் அகப்பட்டால் அவளுக்கும் அதே ரோடு, அதே வளைவு.

லைனில் புகை பார்த்ததாகச் சுடலை லெஸ்லியிடம் சொல்லிவிட்டான். வேண்டுமென்று சொல்லவில்லை, பேய்க்கு ஆதாரமாகச் சொன்னான். லெஸ்லி லிங்கசாமியைக் கூப்பிட்டார்.

"பேய் சமைக்காது. எவனோ உள்ளே இருக்கான். நீ பாத்தியா?"

"இல்லீங்க துரை."

"பாத்தா எங்கிட்ட சொல்லு. கேட்டுக்கு வெளியே போட்டுடுவேன். இன்னொண்ணு. பல்பு இனி போதாது. வாரத்துல ரெண்டு நாள்தான் ஃபேக்டரி. கம்பிச் சுருள் கட்டணும்."

சுருள் என்றால் மரச்சட்டத்தில் சுற்றிய இரும்புக் கம்பி. கரண்டு விட்டால் பழுக்கும். பன்னிரண்டு ரூமுக்கும் பன்னிரண்டு. பல்பு மாதிரி தனித்தனியாக இல்லை. சங்கிலி போல ஒன்றோடு ஒன்று கோத்திருந்தது. ஒன்றைக் கழற்றினால் எல்லாமே நின்றுவிடும். ஃபேக்டரியின் முழுப் பாரத்தையும் அந்த லைன் தாங்கும் என்று லெஸ்லி சந்தோஷப்பட்டார்.

கட்டும் வேலை லிங்கசாமிக்கும் சுடலைக்கும். சுடலை வாசலில் நின்று கம்பியை நீட்டினான், உள்ளே வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. மூன்றாம் நம்பரில் மருதாம்பாள் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு மேலே விட்டத்தில் லிங்கசாமி சட்டத்தை அறைந்தான்.

"உள்ள ஆருகிட்டப் பேசுதே?" என்று வெளியே இருந்து கேட்டான் சுடலை.

"சுத்தியல்கிட்ட."

"அது என்ன சொல்லுது?"

"உன்னய உள்ள வரச் சொல்லுது."

சுடலை அடுத்த கம்பியை எட்ட நின்றே நீட்டினான்.

லிங்கசாமி ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். ஃபேக்டரி நிற்கிற நாள் முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு விடியும் முன் அவளைத் தூக்கி அணைக் குழாய் ஓரத்து ஒழுகல் கொட்டகையில் படுக்க வைப்பது, சுருள் ஆறியபின் திரும்பக் கொண்டுவருவது. ஓடுகிற நாளில் லைனுக்குக் கரண்டு கிடையாது, பயமில்லை. இருமுறை அப்படித் தூக்கினான். கனமே இல்லை. கதவுக்கு வெளியே கொண்டியையும் மாட்டிவிட்டு வருவான், பார்க்கிறவர்களுக்குக் காலி ரூமாகத் தெரியட்டும் என்று.

புதன்கிழமை ஃபேக்டரி ஓடியது. வாரம் முழுக்கச் சேர்ந்த இலையை ஒரே நாளில் அரைத்தார்கள். முள் அசையாமல் நின்றது. பதினொரு மணி இருக்கும், போன் அடித்தது. லெஸ்லி. பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம்.

"லிங்கசாமி, மெயின் ஷாஃப்ட் புகையுது. ஒரே அடியா நிறுத்தப் போறேன். லைன் காலியா?"

பவர் ஹவுஸில் லைன் என்றால் கம்பி. காலி என்றால் அதில் பாரம் இல்லை, ஏற்றலாம் என்று அர்த்தம். அந்தக் கேள்வியை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், ஆயிரம் தடவை பதில் சொல்லியிருக்கிறான். பலகையைப் பார்த்தான். கீழ் லைன் சுவிட்ச் கரண்டு விடாமல் திறந்திருந்தது.

"காலிங்க துரை."

"அப்பப் போடு. இப்போ."

போட்டான். அதே நொடியில் ஃபேக்டரி விழுந்தது. முள் ஒரு துள்ளு துள்ளி, சிவப்புக் கோட்டைத் தொட்டு, திரும்பி வந்து நின்றது. சுருள்கள் முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொண்டன. வேலை சுத்தமாக இருந்தது. லிங்கசாமி மூச்சு விட்டான்.

கம்பி காலியா இல்லையா என்பது ஃபேக்டரி மீட்டரிலேயே தெரியும். அதைத் துரை எதற்குக் கேட்கிறார்?

எஸ்டேட்டில் மற்ற எல்லாருக்கும் லைன் என்றால் ரூம் வரிசை. ரூமில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். அவன் இல்லை என்று சொல்லியிருக்கிறான். கொண்டியை வெளியே மாட்டியதும் அவன்தான்.

சுவிட்சைப் பிடித்தான். இழுத்தால் பாரம் மொத்தமும் போகும். ஃபேக்டரி ஏற்கெனவே போயாயிற்று. தொட்டி தாங்காது. வால்வைத் திருகி முடிப்பதற்குள் சக்கரம் தன்னைத் தானே தின்றுவிடும். அந்த டைனமோவை அவன் ஒன்பது வருஷமாகக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்திருக்கிறான். பாலாமணி செத்த அன்றைக்குக்கூட அதை விட்டுப் போகவில்லை.

இழுத்தான்.

முள் கடைசி வரை போய் அடித்து வளைந்தது. தலைக்கு மேலிருந்த பல்பு வெடித்துக் கண்ணாடி தோளில் கொட்டியது. பங்களாவில், டிஸ்பென்சரியில், ஆபீஸில், எரிந்துகொண்டிருந்தது எல்லாம் அந்த நேரத்தில்தான் வெடித்தது. இன்னொரு கைப்பிடியை இழுத்து டைனமோவில் கரண்டு பிறப்பதை நிறுத்தினான். கரண்டு செத்தது. சக்கரம் சாகவில்லை. இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாத சக்கரம் ஊளையிட ஆரம்பித்தது. பேரிங்கிலிருந்து வெள்ளையாக ஈயம் உருகி ஒழுகியது. வால்வைத் திருக வேண்டும் என்று தெரியும். திருகவில்லை. வெளியே ஓடினான்.

மூன்றாம் நம்பர் கதவை உள்ளேயிருந்து யாரோ பிறாண்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டியை எடுத்தான். மருதாம்பாள் வாசற்படியில் விழுந்தாள். கம்பளி ஒரு பக்கம் கருகி, அந்தப் பக்கத்து முடியும் சுருண்டிருந்தது. விட்டத்தில் சுருள் இன்னும் அனல் வீசிக்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. உயிர் இருந்தது.

மேலே டிஸ்பென்சரிப் பாதையிலிருந்து நூருல்லா இறங்கி வந்தார். வெள்ளைத் தொப்பியில் கண்ணாடித் துண்டுகள் மின்னின. பார்த்தார். "இவளுக்குத்தானா கொய்னா? முட்டாள். ஊட்டுல என் பொஞ்சாதி ஜெய்புன்னிசா சும்மாத்தானே உக்காந்திருக்கறா. ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"துரை வருவாருங்க."

"வந்துட்டார். பாலத்துக்கிட்ட சத்தம் கேக்குது." குனிந்து மருதாம்பாளைத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு அறுபது வயதிருக்கும். "தேயிலைக்குள்ள குறுக்கே போறேன். வளைவு தாண்டிட்டா தெரியாது. அதுவரைக்கும் அந்த ஆளை இந்தப் பக்கம் திரும்ப விடாதே."

செடிகள் இடுப்பளவு. தொப்பி மட்டும் பச்சைக்கு மேல் வெள்ளையாக நகர்ந்தது. லிங்கசாமி மூன்றாம் நம்பரைச் சாத்திவிட்டு ஓடிப்போய் ஏழாம் நம்பர் வாசலில் நின்றான். அவனைப் பார்க்க வேண்டுமென்றால் லெஸ்லி தேயிலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.

லெஸ்லி வந்தார். பின்னால் சுடலை. லெஸ்லியின் கையெல்லாம் கிரீஸ். பள்ளத்தில் சக்கரம் இன்னும் ஊளையிட்டது. பிறகு என்னவோ முறிந்து, சத்தம் நின்றது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

"போச்சு," என்றார் லெஸ்லி. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எதுக்கு இழுத்தே?"

"உள்ள ஆளு இருந்துதுங்க."

"காலின்னு சொன்னியேடா."

"கம்பியச் சொன்னனுங்க."

லெஸ்லிக்குப் புரிந்தது. "யாரு? யாரு உள்ளே?"

பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் லிங்கசாமி வாயைத் திறந்தான். வாயில் வந்தது பொய் இல்லை. "என்ற ஊட்டுக்காரிங்க. பாலாமணி."

சுடலை இரண்டு எட்டு பின்னால் வைத்தான்.

"அவ செத்து ஒரு வருஷம் ஆச்சு."

"ஆமாங்க."

"எந்த ரூம்?"

"இதுங்க."

லெஸ்லி கதவை உதைத்துத் திறந்தார். வாசற்படியைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார். நின்றார். உள்ளே ஆறிக்கொண்டிருந்த சுருள் டிக் டிக்கென்று சுருங்கியது. வேறு ஒன்றுமில்லை. அவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். பெண்கள் இருக்கிற அறைக்குள் போய்விட்ட மனிதர் கழற்றுகிற மாதிரி, சட்டென்று, மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். வெளியே இருந்த இருவருக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றார் என்று சுடலை பிறகு ஆளுக்கொரு கணக்குச் சொன்னான்.

அப்புறம் தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போனதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தலையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்து லிங்கசாமியின் பக்கம் திரும்பினார்.

"உள்ளே யாரும் இல்லை."

"சரிங்க."

"இல்லைன்னு சொல்றேன்."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே துரை."

லெஸ்லியின் தாடை ஆடியது. மிஷின் போன கோபத்தை எங்கே வைப்பது என்று அதுவரை தெரியாமலிருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. "பெரிய துரை ஊட்டியிலிருந்து வர்ற வரைக்கும் இவன் இங்கேயே இருக்கட்டும். பொண்டாட்டிகூட. சுடலை, பூட்டு எடு."

"அய்யா, இதுல வேண்டாம்யா. இலைக் கொட்டடி சும்மாத்தான கெடக்கு, அதுல போடுவோம்யா."

"இதுலதான்."

லிங்கசாமி அவர் தோளுக்கு மேலே பார்த்தான். வெள்ளைத் தொப்பி வளைவுக்கு இன்னும் வரவில்லை. இடையில் நின்று மூச்சு வாங்குகிறது போல.

"சுடலை, வெத்தலை இருக்குதா?"

"இப்பவா?"

"இப்பத்தான்."

சுடலை துரையைப் பார்த்தான். துரை தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏழாம் நம்பர் கதவை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுடலை மடியிலிருந்து பையை எடுத்தான். லிங்கசாமி நிதானமாக இலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவினான். பாக்கு சொத்தை என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஏலே, நீ கல்யாணத்துக்கா வந்திருக்க?" என்றான் சுடலை அடிக்குரலில். "உள்ள போனா என்ன பண்ணுவ?"

"தெரியில."

"பயமா இல்லியா?"

லிங்கசாமி மென்றான். தேயிலைக்கு மேலே தொப்பி அசைந்து, வளைவில் திரும்பி, காணாமல் போனது. பச்சை மட்டும் மிச்சம்.

"இருக்குது," என்றான்.

எச்சிலைத் துப்பிவிட்டு, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து வாசற்படியைத் தாண்டினான். அவனுக்குப் பின்னால் லெஸ்லியே கதவை இழுத்துச் சாத்தினார். சுடலை கொண்டியை மாட்டி, பூட்டைக் கோத்து, சாவியைத் திருகினான்.